நிலவறை யன்னலுக்கு ஒரு சீலை



போன கிழமை ஸ்காபரோவில் ஒரு பெரிய கடைக்கு யன்னல் சீலை வாங்கப் போனோம். நான், மனைவி, மகள் மூன்று பேரும். மகள் தன் வீட்டு நிலவறையைத் திருத்தி, நிலத்துக்குப் பலகை போட்டு, குளியலறையும் வைத்து எங்கள் இரண்டு பேருக்கும் ஒதுக்கித் தந்திருக்கிறாள். நிலவறை என்று நான் எழுதுகிறேனே தவிர, இங்கே குழந்தை முதல் கிழவர் வரை எல்லாருக்கும் அது பேஸ்மன்ற்தான். இரண்டு யன்னல்கள் இருக்கின்றன. இரண்டும் வெறுமையாகக் கிடந்தன. அவற்றுக்கு என்ன போடுவது என்பதுதான் பிரச்சினை.

கடையில் ஒரு இளம்பெண் உதவிக்கு வந்தாள். மனைவி அங்கிருந்ததிலேயே தடிப்பான கறுப்புச் சீலையைத் தொட்டுப் பார்த்து இதுதான் வேணும் என்றா. அந்தப் பிள்ளை, காலை வெயில் உள்ளே வந்து நித்திரையைக் குழப்புகிறதா என்று கேட்டாள். மகள் மொழிபெயர்த்தாள். மனைவி சொன்னா: "வெளிச்சம் உள்ளுக்கு வாறதுக்கில்லை பிள்ளை. உள்ளுக்கு இருக்கிற வெளிச்சம் வெளியில போகக் கூடாது."

மகள் அதை மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் அந்தச் சீலைப் பொதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் பெரிய எழுத்தில் "பிளாக் அவுட்" என்று போட்டிருந்தது. விற்பவர்களுக்கு அது நித்திரைக்கான சீலை. ஆனால் அந்தப் பெயர் பிறந்த இடத்தில் அதன் அர்த்தம் என் மனைவி சொன்னதேதான். அதைத்தான் இன்றைக்கு எழுத நினைத்தேன். என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், ஒரு சின்னக் கேள்வி கேட்டால் மணி அடிக்கும் வரை விடமாட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த நிலவறை ஏன் இருக்கிறது என்று பார்ப்போம். எங்கள் ஊரில் வீட்டுக்குக் கீழே அறை கிடையாது. சுண்ணக்கல்லைக் கொத்தி அத்திவாரம் போட்டால் போதும். கனடாவில் மாரியில் நிலமே உறைகிறது. உறைந்த மண் உப்பும். மேலே இருக்கும் சுவரைத் தூக்கும். அதனால் ரொறன்ரோப் பக்கத்தில் அத்திவாரத்தை ஏறக்குறைய 1.2 மீற்றர் ஆழத்துக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். அவ்வளவு தோண்டிய பிறகு இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு அறையே கிடைத்துவிடும். அங்கே வீட்டைச் சூடாக்கும் உலையை வைத்தார்கள், நிலக்கரியைக் கொட்டினார்கள், கிழங்கும் பழப்பாகுப் போத்தலும் அடுக்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஸ்காபரோவில் வரிசை வரிசையாகக் கட்டிய சின்ன வீடுகள் எல்லாவற்றிலும் இந்த அமைப்புத்தான். யன்னல் என்று மேல் கூரையை ஒட்டி, வெளியே புல் மட்டத்தில், ஒரு நீள்சதுர ஓட்டை. உலையும் கிழங்கும் வெளியே எட்டிப் பார்க்கப் போவதில்லை. ஆகவே அதற்குச் சீலை என்ற நினைப்பே அன்று எவருக்கும் வந்திருக்காது.

மனிதர்கள் நிலத்துக்குக் கீழே குடியிருக்கத் தொடங்கும்போதுதான் யன்னல் ஒரு பிரச்சினையாகிறது. இதற்குப் பிரித்தானியாவின் லிவர்பூல் நகரத்தை விட நல்ல உதாரணம் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அங்கே ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் நிலவறைகளில் இருந்தன. 1847இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்தவர்களுக்கும் அந்த நகரத்தில் முதலில் கிடைத்த கூரை பெரும்பாலும் நிலவறைதான். அகதிக்கு முதல் வீடு நிலத்துக்குக் கீழே என்பது எங்களோடு தொடங்கிய கதை அல்ல. அதே 1847இல் வில்லியம் ஹென்றி டங்கன் என்ற வைத்தியரை அந்த நகரம் தன் சுகாதார அதிகாரியாக நியமித்தது. பிரித்தானியாவிலேயே அப்படியான முதல் நியமனம் அது. டங்கன் ஓயாமல் சொன்னது, காற்றும் வெளிச்சமும் புகாத நிலவறைகள் காய்ச்சலின் விளைநிலம் என்பதுதான்.

அப்போதைய பிரித்தானியாவில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. யன்னலுக்கு வரி. 1696இல் தொடங்கி 1851 வரை, வீட்டில் எத்தனை யன்னல் இருக்கிறது என்று எண்ணி வரி வாங்கினார்கள். வரிக்குப் பயந்து யன்னலைக் கல் வைத்து அடைத்த வீடுகளை இன்றும் காணலாம். செங்கல்தான் அன்றைக்கு மலிவான யன்னல் சீலை.

அந்த வரி ஒழிந்து இருபத்துநாலு வருடம் கழித்து, 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. நிலவறையில் ஆளைக் குடியிருத்துவதற்கு அது போட்ட நிபந்தனைகளைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. தளத்திலிருந்து கூரைக்கு ஏழு அடி உயரம் வேண்டும். அதில் மூன்று அடியாவது தெரு மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். ஒன்பது சதுர அடி யன்னல் வேண்டும். அந்த யன்னல் திறக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். திறக்கக் கூடியதாக என்ற அந்தச் சொல்லை நினைவில் வைத்திருங்கள். பிறகு வருவேன்.

வசதியானவர்களின் கதை வேறு. லண்டனின் பழைய வரிசை வீடுகளில் குசினியும் வேலைக்காரரும் கீழே, எசமானர்கள் மேலே. மேலே உள்ள யன்னல்களுக்குத்தான் சீலைகளும் தட்டிகளும் வந்தன. சாய்க்கக்கூடிய மரச் சட்டங்களால் ஆன வெனிசியத் தட்டிக்கு 1769இல் எட்வேர்ட் பெரன் என்பவர் லண்டனில் காப்புரிமை பெற்றார். வெனிஸ் நகரப் பெயர் ஒட்டிக்கொண்டாலும் பிரெஞ்சுக்காரர் அதே வகைத் தட்டிக்குப் பாரசீகத்தின் பெயரை வைத்திருந்தார்கள். ஊர்ப் பெயரை நம்பி மூலம் தேடக் கூடாது என்று வகுப்பில் நான் சொல்வது இதற்குத்தான். அமெரிக்காவில் ஸ்ருவேட் ஹாட்ஷோர்ன் என்பவர் 1864இல் வில்லுச்சுருள் வைத்த உருளைத் தட்டியைக் கண்டுபிடித்தார். கீழே இழுத்தால் நிற்கும், மெல்ல இழுத்து விட்டால் தானாகச் சுருண்டு மேலே போகும். எங்கள் ஊரில் சில பழைய பாடசாலைகளில் உலகப் படம் சுருட்டி வைத்திருந்த உருளையும் இதே சூத்திரம்தான். அது ஒருமுறை என் கையை விட்டுச் சுருண்டு போய் ஒன்பதாம் வகுப்பே சிரித்தது. சிரித்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும்.

இந்த நேரத்தில் எங்கள் வீடுகளில் என்ன இருந்தது? நாற்சார் வீட்டில் வெளிச்சம் நடுமுற்றத்தால் வந்தது. வெளிச்சுவரில் சின்ன யன்னல்கள், அவற்றுக்கு மரக்கதவு. வெயிலுக்கு விறாந்தையில் ஓலைத்தட்டி. யன்னலுக்குச் சீலை போடுவது பிறகு வந்த நாகரிகம். என் அப்பம்மாவுக்கு யன்னல் சீலை என்றால் என்னவென்றே கடைசி வரை பிடிபடவில்லை. "யன்னலுக்கும் வெக்கமோ?" என்று கேட்பா.

இனி அந்தப் பொதியில் இருந்த சொல்லுக்கு வருகிறேன்.

பிரித்தானியா ஜேர்மனிமீது போர் அறிவித்தது 1939 செப்ரெம்பர் 3. ஆனால் இருட்டடிப்பு தொடங்கியது செப்ரெம்பர் 1. போருக்கு இரண்டு நாள் முன்னரே நாடு முழுவதும் இருண்டுவிட்டது. சூரியன் மறைந்ததும் எந்த வீட்டு யன்னலாலும் ஒரு கீற்று வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது. தடித்த கறுப்புப் பருத்தித் துணி, கறுப்புக் கடதாசி, அட்டை, பூச்சு என்று கிடைத்ததால் எல்லாம் யன்னலை மூடினார்கள். காவலர்கள் தெருத் தெருவாக நடந்து ஒளி கசிகிற வீட்டைத் தட்டினார்கள். தண்டமும் அறவிட்டார்கள். ஒவ்வொரு மாலையும் வீட்டிலுள்ள எல்லா யன்னலையும் மூடி, ஒவ்வொரு காலையும் திறப்பது ஒரு வேலையாகவே இருந்தது. தெருவிளக்கும் இல்லை, வாகனத்தின் முன்விளக்கும் மூடியிருந்தது. 1941இல் மட்டும் அந்த நாட்டில் வீதி விபத்துகளில் 9,169 பேர் இறந்தார்கள். குண்டுக்குத் தப்ப இருட்டாக்கி, இருட்டில் வாகனத்தில் அடிபட்டவர்கள் அதில் எத்தனையோ பேர். 1944 செப்ரெம்பரில்தான் கட்டுப்பாடு தளர்ந்தது.

லண்டனில் அதே காலத்தில் ஒரு நிலவறை மிகவும் புகழ் பெற்றது. அமைச்சரவையின் போர் அறைகள். 1939 ஓகஸ்ட் கடைசியில் இயங்கத் தொடங்கியவை, இன்று நூதனசாலை. சேர்ச்சிலும் தளபதிகளும் பணியாளர்களும் அங்கே யன்னலே இல்லாமல் வேலை செய்தார்கள். வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. அதற்காக ஒரு பலகை மாட்டி, வெளியே உள்ள காலநிலையை அதில் எழுதி வைத்தார்கள். பலத்த குண்டுவீச்சு நடந்தால் "காற்றடிக்கிறது" என்று பகிடியாகப் போடுவார்களாம். வெயில் படாத பணியாளர்களுக்கு ஒளிவிளக்கின் முன் இருக்கும் சிகிச்சையும் கொடுத்திருக்கிறார்கள். யன்னல் இல்லாத அறைக்குள் மனிதனை வைத்தால் யன்னலுக்குப் பதில் எதையாவது செய்தே ஆக வேண்டும் என்பதற்கு அந்தப் பலகை சாட்சி.

எங்கள் பக்கத்துக்கு இந்தப் பயம் புதிதல்ல. முதலாம் போரில், 1914 செப்ரெம்பர் 22 இரவு, எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டுக் கொளுத்தியபோது கரையில் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. சுழியனான ஆளை "எம்டன்" என்று சொல்கிறோமே, அந்தச் சொல் வந்த வழி அது.

இரண்டாம் போரில் இலங்கைக்கும் இருட்டடிப்பு வந்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தன. இரண்டு தாக்குதலும் பகலில்! இரவு இரவாக விளக்கை மூடிக்கொண்டிருந்த சனங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும். அம்மாவுக்கு அப்போது பத்து வயது. விதானையார் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகு அம்மம்மா கைவிளக்கை ஒரு சிரட்டைக்குப் பின்னால் வைப்பாவாம். யன்னலுக்குச் சாக்குக் கட்டினார்களாம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதை ஒரு பழங்கதையாகத்தான் கேட்டேன்.

அந்த ஏப்ரலில் கனடாவுக்கும் ஒரு பங்கு உண்டு. இது இங்கே பிறந்த எங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. லெனாட் பேர்ச்சால் என்ற கனடிய விமானப்படை அதிகாரி, தெற்கே கொக்கலையிலிருந்து கற்றலீனா விமானத்தில் புறப்பட்டு, ஏப்ரல் 4 மாலை இலங்கைக்குத் தெற்கே கடலில் யப்பானியக் கப்பற்படையைக் கண்டார். வானொலியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். பிடிபட்டுப் போர் முடியும் வரை சிறையில் இருந்தார். ஆனால் செய்தி கொழும்புக்கு வந்துவிட்டது. அதனால் அவரை இலங்கையின் மீட்பர் என்றார்கள். 2004இல் ஒன்ராறியோவில் காலமானார். யாழ்ப்பாணத்தில் இத்தனை வருடம் வரலாறு படிப்பித்தும் இந்த மனிதரை நான் ஒரு வசனத்துக்கு மேல் சொன்னதில்லை. இப்போது அவர் வாழ்ந்த மாகாணத்தில் இருந்துகொண்டு வெட்கப்படுகிறேன்.

அம்மாவின் பழங்கதை எங்கள் கதையானது 1990 யூனில். சண்டை மீண்டும் தொடங்கியது, குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் தங்கமானது. சாம் போத்தல் விளக்கு உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? போத்தலுக்குள் பஞ்சு, சில கரண்டி மண்ணெண்ணெய், நடுவில் கம்பியால் பிடித்த திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்கும், காற்றுக்கு அணையாது. அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் உங்களில் பலர் சாதாரண தரமும் உயர் தரமும் எழுதினீர்கள். விடைத்தாளை நானும் அதில்தான் திருத்தினேன். சிவப்பு மையும் கறுப்பாகத் தெரியும்.

அந்தச் சின்னச் சுடருக்கும் யன்னலை மூடினோம். சியாமாசெட்டியும் அவ்ரோவும் வந்த காலம். முகாமிலிருந்து பரா லைற் அடித்தால் முற்றம் பகலாகும். மேலே இருப்பவனுக்கு ஒரு போத்தல் விளக்கு தெரியுமா தெரியாதா என்று இன்றைக்கு நீங்கள் கேட்கலாம். அன்றைக்குப் பரிசோதித்துப் பார்க்க ஒருவரும் விரும்பவில்லை. என் மனைவி தன்னுடைய கரும்பச்சை நூல்சேலை ஒன்றை நாலாக மடித்து யன்னலில் ஆணி அடித்துத் தொங்கவிட்டா. பிறகு வெளியே போய், வீட்டைச் சுற்றி நடந்து, எங்கேயாவது கீற்றுத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வருவா. ஒவ்வொரு இரவும். மகளுக்கு அப்போது இரண்டு வயது. "அம்மா எங்கை?" என்று கேட்பாள். "வெளிச்சம் பாக்கப் போட்டா" என்று சொல்வேன்.

முற்றத்தில் பங்கர் வெட்டியிருந்தோம். மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. "ட" வடிவம். அந்த வளைவு சன்னம் நேராக உள்ளே வராமல் இருக்க. இரண்டு பக்கமும் வாசல். ஒரு வாசல் மூடுப்பட்டால் மற்றதால் வெளியே வர. இதை எங்களுக்கு எந்தப் பொறியியலாளரும் சொல்லித் தரவில்லை. ஒரு வாசல் மட்டும் வைத்தவர்களுக்கு நடந்ததைப் பார்த்து ஊரே கற்றுக்கொண்டது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது ரொறன்ரோவுக்கு வருவோம். 1983 யூலைக்குப் பிறகு எங்கள் ஆட்கள் இங்கே கூட்டமாக வரத் தொடங்கினார்கள். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அருகே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றிய செய்தி உங்களுக்குத் தெரிந்ததே. வந்தவர்களில் ஏராளமானோர் முதலில் தங்கியது ஸ்காபரோ வீடுகளின் நிலவறைகளில். உலைக்கும் கிழங்குக்கும் கட்டிய அதே அறைகளில்.

என் தம்பி 1987இல் வந்தான். ஐந்து பேரோடு ஒரு நிலவறை. அந்தக் காலத்தில் நகரப் பகுதிகள் பலவற்றில் தனி வீட்டு நிலவறையை வாடகைக்கு விடுவது சட்டப்படி கூடாது. ஆனால் எல்லாரும் விட்டார்கள். வீட்டுக்காரர் போட்ட முதல் நிபந்தனை, யன்னலை எப்போதும் மூடி வைக்க வேண்டும் என்பது. ஆள் இருப்பது தெரிந்தால் அக்கம்பக்கத்தவர் நகரசபைக்குச் சொல்லிவிடுவார்களாம். அவரே ஒரு ஒட்டுப்பலகையை வெட்டிக்கொண்டு வந்து யன்னலுக்கு மேலே திருகாணி போட்டு இறுக்கிவிட்டார். தம்பி இரவு வேலை. விடிய வந்து படுத்து, எழும்பினால் பகலா இரவா தெரியாது. மூன்று மாரி அப்படி. "அண்ணை, பொம்பருக்குப் பயந்து யன்னலை மூடினனீங்கள் நீங்கள். நாங்கள் பக்கத்து வீட்டுக் கிழவிக்குப் பயந்து மூடினனாங்கள்" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். நெருப்புப் பிடித்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று ஒருமுறை கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

சட்டம் மாறிய கதை நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். 1994இல் ஒன்ராறியோ அரசு வீட்டுக்குள் இரண்டாவது குடியிருப்பை அனுமதித்துச் சட்டம் போட்டது. அடுத்த வருடம் ஆட்சி மாறியது. புதிய அரசு அந்த உரிமையை எடுத்து நகரசபைகளிடம் திருப்பிக் கொடுத்தது. ஆனால் 1995 நவம்பர் 16க்கு முன் இருந்தவை தப்பின. 2000இல் ரொறன்ரோ மாநகரம் தன் எல்லைக்குள் பொதுவாக அனுமதித்தது. 2011இல் மாகாணம் எல்லா நகரசபைகளும் இடம் கொடுக்க வேண்டும் என்றது. இதில் என் கவனத்தை இழுத்தது ஒன்றுதான். ஒரு அறையில் ஆள் இருப்பதைச் சட்டம் ஒத்துக்கொள்ளாத வரை, அந்த அறைக்கு எவ்வளவு யன்னல் வேண்டும் என்று எந்த அதிகாரியும் கேட்க முடியாது. இல்லாத ஆளுக்கு எதற்கு யன்னல்? ஒத்துக்கொண்ட பிறகுதான் நாடாவைக் கொண்டு அளக்கலாம்.

அளந்தேன். படுக்கையறை யன்னல் ஆள் வெளியே தப்பக்கூடியதாக இருக்க வேண்டும். கட்டட விதிப்படி திறந்த பகுதி 0.35 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது. எந்தப் பக்கமும் 38 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. இங்கே அவசரக்காரர் பிழை விடுவார்கள். 38க்கு 38 போதும் என்று நினைத்தால் பரப்பு 0.15 கூட வராது. அகலம் 38 என்றால் உயரம் 92க்குச் சற்று மேல் வேண்டும். கண்ணாடியின் அளவையும் எடுக்கக் கூடாது, திறக்கும் பகுதியின் அளவைத்தான் எடுக்க வேண்டும். எங்கள் யன்னல் பக்கவாட்டில் தள்ளுவது; பாதிதான் திறக்கும். அந்தப் பாதி 60க்கு 62. பெருக்கினேன், 0.372. சரி. வெளியே யன்னலுக்கு முன்னால் மண்ணைத் தோண்டி நெளிதகடு வைத்த குழி. அதில் 55 சென்ரிமீற்றர் இடைவெளியாவது வேண்டும். இருந்தது. 1875இல் லிவர்பூல்காரருக்கு வந்த அதே "திறக்கக் கூடியதாக".

இனித்தான் உண்மையான சண்டை. சீலையைத் தொங்கவிட்டால் பக்கத்தால் வெளிச்சம் கசியும் என்று மனைவி நாலு பக்கமும் ஒட்டும் பட்டி வைத்துச் சுவரோடு ஒட்டிவிடச் சொன்னா. மகள் குளிர்காலத்து ஈரத்தைச் சொல்லிப் பார்த்தாள். அவள் சொன்னது சரி. அறைச் சூட்டின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் வியர்வையாகப் படியும், சீலை அதைக் காற்றுப்படாமல் மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மனைவி கேட்கவில்லை. பேத்தி கையில் அகப்படாத மாதிரிக் கயிறு இல்லாத தட்டி வேண்டும் என்ற கதை வந்தது. அதற்கு மட்டும் உடனே ஒத்துக்கொண்டா. தட்டிக் கயிறு குழந்தைகளின் கழுத்தில் சுற்றி இறந்த சம்பவங்களால் கனடாவில் 2022 மே முதல் புதிய விதி இருக்கிறது. எட்டக்கூடிய கயிறு 22 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது, வளையம் 44ஐத் தாண்டக் கூடாது. பழைய தட்டி வைத்திருப்பவர்கள், குழந்தை உள்ள வீடென்றால், இன்றைக்கே ஒருமுறை பாருங்கள்.

ஒட்டும் பட்டிக் கதை மட்டும் முடியவில்லை. இரவு, மகள் மேலே போன பிறகு, நான் மெல்லக் கேட்டேன்: "பங்கருக்கு ஏன் ரெண்டு வாசல் வைச்சனாங்கள்?"

மனைவி பதில் சொல்லவில்லை. கனநேரம் அந்த யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தா. படிக்கட்டைப் பார்த்தா. பிறகு எழும்பிப் போய், கதிரை ஒன்றை எடுத்து யன்னலுக்குக் கீழே வைத்தா. ஏறி வெளியே போவதற்கு. "பட்டி வேண்டாம்" என்றா.

கடைசியில் வாங்கியது இரண்டு. கண்ணாடியோடு, சட்டத்துக்குள்ளே, தேன்கூடு மாதிரி அறைகள் உள்ள வெளிர்நிறத் தட்டி. இது 1980களில் வந்த பண்டம். அந்த அறைகளுக்குள் நிற்கும் காற்றுக் குளிரை மறிக்கும். கயிறில்லை, கையால் மேலிருந்தும் இறக்கலாம், கீழிருந்தும் ஏற்றலாம். நிலவறைக்கு மேலிருந்து இறக்குவதுதான் வசதி. வெளியே நடப்பவருக்கு நாங்கள் தெரியமாட்டோம், எங்களுக்கு வானத்தில் ஒரு துண்டு தெரியும். அதற்கு வெளியே, கூரையோடு ஒட்டிய தடியில், மனைவியின் கறுப்புச் சீலை. யன்னலை விட இரண்டு பக்கமும் ஒரு முழம் அகலம் கூட. ஒரு கையால் தள்ளினால் விலகும். கண்ணை மூடிக்கொண்டு நான் தள்ளிப் பார்த்தேன், மூன்று முறை.

முதல் நாள் இரவு சீலையை இழுத்து மூடிய பிறகு மனைவியைக் காணவில்லை. மேலே போய்ப் பார்த்தேன். வாசலில் அவவின் பூட்ஸ் இல்லை. பேத்தி ஓடி வந்து "அம்மம்மா எங்கை?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்க முதல் மகள் சொன்னாள்: "வெளிச்சம் பாக்கப் போட்டா."

அவளுக்கு அது நினைவிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

மனைவி பனி படிந்த கோட்டோடு உள்ளே வந்து, "ஒண்டும் தெரியேல்லை" என்றா. அன்றைக்கு நல்ல நித்திரை. இப்போது காலையில் தட்டியை மேலிருந்து ஒரு சாண் இறக்குவது என் வேலை. தபால்காரரின் சப்பாத்துத் தெரிகிறது, பக்கத்து வீட்டு நாயின் கால்கள் தெரிகின்றன, சில நேரம் ஒரு அணில்.

பிள்ளைகளே, உங்களில் யாரிடமாவது அந்தக் காலத்துச் சாம் போத்தல் விளக்கின் படம் இருந்தால் கீழே போடுங்கள். பேத்திக்குக் காட்ட வேண்டும். போத்தலுக்குள் நெருப்பை வைத்துப் படித்தோம் என்றால் நம்புகிறாள் இல்லை.